பரணில் இருக்கும் பாட்டு

நேயர்களே, போன வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை வம்புக்கு இழுத்திருக்கிறது. "பழைய கிராமபோன் பாட்டுகளெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே சும்மா கிடைக்கின்றனவே! கம்பெனிக்காரர்களே தூசி தட்டி மறுபடி வெளியிடுகிறார்கள். அப்படியிருக்க, நீரும் உம்மைப் போன்றவர்களும் கீறல் விழுந்த பிளேட்டுகளைத் தேடி ஊர் ஊராக அலைவானேன்? இது ஒருவகைப் பைத்தியம் அல்லவா?" என்று கேட்கிறார் அந்த அன்பர்.

பைத்தியம் என்பதை நான் மறுக்கவில்லை. என் வீட்டில் அந்தத் தீர்ப்பு எப்போதோ வழங்கியாகிவிட்டது, அப்பீலுக்கும் இடமில்லை. பரணில் பிளேட்டுகள் ஏற ஏற, பரணில் இருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டால் எந்தக் குடும்பத் தலைவிக்குத்தான் கோபம் வராது? ஆனால் இந்தப் பைத்தியத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில், பிளேட்டைக் கண்ணால் பார்த்திராத இளைய நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. பழைய பிளேட் என்பது அரக்கினால் ஆனது. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி கக்கும் பிசின்தான் அரக்கு. பாண்டவர்களை எரிப்பதற்காகத் துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே சரக்கு. அந்த அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து, சூடாக்கி, அழுத்தித் தட்டாக வார்ப்பார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலப் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷப் பாட்டு. கீழே போட்டால் அப்பளம்!

இந்தியாவில் முதல் பெரிய ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் நடந்தது. கெயிஸ்பர்க் என்ற வெள்ளைக்காரர் கப்பலில் வந்து, கௌஹர் ஜான் முதலியவர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கே பிளேட்டாக வார்க்கப்பட்டுத் திரும்பக் கப்பலேறி வந்தன. வார்ப்பவனுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! ஆகையால், பாட்டு முடிந்ததும் பாடினவர்களே தங்கள் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. "என் பெயர் கௌஹர் ஜான்" என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கம்பீரமாக முழங்குவதை இன்றைக்கும் கேட்கலாம். இந்த வழக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

* * *

சரி, எதற்காகப் பழைய பிளேட்டைக் காப்பாற்ற வேண்டும்? பாட்டுத்தான் புத்தகத்தில் இருக்கிறதே?

அங்கேதான் சூட்சுமம். எங்கள் திருவண்ணாமலை ஈசுவரன்மேல் முத்துஸ்வாமி தீட்சிதர் சாரங்க ராகத்தில் 'அருணாசலநாதம்' என்று ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். அதன் சாகித்தியமும் ஸ்வரமும் அச்சில் பத்திரமாக இருக்கின்றன, எங்கும் ஓடிப்போகா. ஆனால் ஒரு வித்வான் ஓர் இரவு, தம் மனோதர்மப்படி பாடிய ஆலாபனை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஸ்வரப்படுத்தி எழுதிப் பாருங்கள். காகிதம் மிஞ்சும், தோடி மிஞ்சாது. அவர் 1956-இல் காலமானார். அந்த நாயனத்தைப் பிறகு பிறந்தவர்கள் கேட்க முடிகிறதென்றால் அதற்குப் பிளேட்டும் ஒலிநாடாவுமே காரணம். 1893-இல் மறைந்த மகா வைத்தியநாதையருக்கு அந்த யோகம் இல்லை. அவர் எப்படிப் பாடினார் என்று மற்றவர்கள் எழுதியதைத்தான் படிக்கிறோம். விருந்தைப் பற்றிப் படித்தால் வயிறு நிரம்புமா?

செங்கோட்டை கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் படம் வந்தது 1931-இல். கிட்டப்பா முப்பது வயதுகூட நிரம்பாமல் 1933 டிசம்பரில் கண்ணை மூடினார். படம் ஒன்றிலும் அவர் நடிக்கவில்லை. அந்தக் குரல் என்பது இன்று சில அரக்குத் தட்டுகள்தான். வேறு சாட்சி கிடையாது.

இதே கவலை கடலுக்கு அப்பாலும் உண்டு. அமெரிக்காவில் ஜாஸ் என்றொரு சங்கீதம் இருக்கிறது. நமக்குக் கொஞ்சம் உறவு முறைதான். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, வித்வான்கள் அவரவர் மனோதர்மப்படி விரித்துக்கொண்டே போவார்கள். ஜாஸ் முதல் பிளேட் 1917-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் போல்டன் என்பவர் கார்னெட் வாத்தியத்தில் கொடிகட்டிப் பறந்தார். அவர் ஊதியது ஒரு விநாடிகூட இன்று யாரிடமும் இல்லை. அந்த ஊர் ரசிகர்களுக்கு அது இன்னும் ஆறாத புண்.

ஆனால் அவர்களுக்கு அதிருஷ்டமும் அடித்திருக்கிறது. தெலோனியஸ் மங்க் என்ற பியானோ வித்வானும், ஜான் கோல்ட்ரேன் என்ற சாக்ஸபோன் வித்வானும் (கத்ரி கோபால்நாத் நம் மேடைக்குக் கொண்டுவந்தாரே, அதே வாத்தியம்) 1957 நவம்பர் 29-ஆம் தேதி நியூயார்க் கார்னகி மண்டபத்தில் சேர்ந்து வாசித்தார்கள். வானொலிக்காக அதைப் பதிவு செய்த ஒலிநாடா வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் மற்ற நாடாக்களோடு நாடாவாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 2005-இல் அங்கே வேலை பார்த்த ஒருவர் பெட்டியின் மேலிருந்த சுருக்கமான குறிப்பைக் கவனித்து, போட்டுக் கேட்டார், தூக்கிவாரிப் போட்டது! அந்த வருஷமே இசைத்தட்டாக வெளிவந்து உலகத்தைச் சுற்றியது. நாற்பத்தெட்டு வருஷம் அது தொலைந்து போகவில்லை. கேட்பாரில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் எத்தனை பெட்டிகள் அப்படிக் கேட்பாரில்லாமல் கிடக்கின்றனவோ!

* * *

இன்னொரு நியாயமும் உண்டு. ஆரம்ப காலத்தில் மைக் கிடையாது. அது வந்தது 1925-இல். அதற்கு முன்னால், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய தகரக் குழாய்க்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். பெரிய வித்வான்களில் பலர் தயங்கினார்கள். 'குரல் போய்விடும்' என்று சிலருக்குப் பயம். 'கண்ட கடையிலும் நம் சங்கீதத்தைப் போடுவார்களே' என்று சிலருக்குக் கௌரவக் குறைவு. துணிந்து முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் தேவதாசிக் குலத்துப் பெண்கள். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி என்று அந்தப் பெயர்கள் நீளும்.

இவர்களில் கோயம்புத்தூர் தாயியின் கதை வேடிக்கையானது. 1912-இல் இந்தியாவுக்கு யாத்திரை வந்த மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு சங்கீதக்காரர் இந்த அம்மாளின் பிளேட்டுகளில் மனத்தைப் பறிகொடுத்தார். ஊருக்குத் திரும்பி 'நான்கு ஹிந்துப் பாடல்கள்' என்று ஒரு தொகுதி இயற்றினார். அதில் ஓர் இடத்தில் வார்த்தையே இல்லாமல் குரல் மட்டும் சஞ்சாரம் செய்யும். அது தாயியின் ஆலாபனைச் சாயல். பாரிஸ் நகரத்து நாகரிகச் சபையிலே கொங்கு நாட்டுப் பாணி! தாயி 1917-இல் காலமானார். அவர் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பெண்கள் வீட்டு வாசலில் சமூகம் கதவைச் சாத்தியபோது அவர்களுடைய சங்கீதத்தின் மேலும் சேர்த்துச் சாத்திவிட்டது. பிளேட்டுகள்தான் சாவி. வீணை தனம்மாளைப் பற்றி வாய் ஓயாமல் புகழ்வோம்; அவர் முதுமையில் கொலம்பியா கம்பெனிக்குக் கொடுத்த சில பிளேட்டுகள் பின்னாளில் மறுபடி வெளிவந்திராவிட்டால் அந்தப் புகழெல்லாம் வெறும் கர்ண பரம்பரைதான்.

மறுவெளியீடு என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. கம்பெனியின் தாய்த் தகடு போன இடம் தெரியாமல் போயிருக்கும். அப்போது யாரோ ஒருவர் வீட்டில் பத்திரமாக இருக்கும் பிளேட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். 1985-இல் தீப்பிடித்து எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில், நடைபாதையில் குவித்துக் கிடந்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வாங்கினவர்களை அக்காலத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இன்று இணையத்தில் நீங்கள் கேட்கும் பாட்டு பலவும் அந்தப் பைத்தியக்காரர்கள் கைங்கரியம். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் ஒருவரே பல்லாயிரம் பிளேட்டுகளைச் சேர்த்தார். பம்பாயில் 1990-இல் இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. ஓடியன் கம்பெனிப் பிளேட்டுகளைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினியில் ஏற்றிவைத்தார்கள்.

* * *

எங்கள் ஊருக்கு வருகிறேன். திருவண்ணாமலையில் கிராமபோன் பிளேட் பெரிய வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்ததில்லை. மைக் செட்காரர் பெட்டியிலும் இருந்தது. கல்யாணமா, காது குத்தா, கார்த்திகை தீபமா, தீபத்து மாட்டுச் சந்தையா, முதலில் குழாய் கட்டிப் பிள்ளையார் பாட்டுப் போட்டால்தான் திருவிழா தொடங்கியதாக அர்த்தம்.

தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் அப்படித் தொழில் செய்த ஒரு பெரியவரை அண்மையில் பார்க்கப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார்.

"எல்லாம் எங்கப்பா வாங்கினது சார். தீபம் பத்து நாளும் இந்தப் பெட்டிதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. பையன் பழைய சாமான்காரனைக் கூட்டிட்டு வரேங்கிறான். பித்தளைக் குழாய்க்குத்தான் விலையாம். பிளேட்டுக்கு ஒண்ணும் தேறாதாம்."

"பிளேட்டை என்ன செய்வார்களாம், ஐயா?"

"சூடு காட்டி வளைச்சுக் கிண்ணமாக்கி வெளிநாட்டுக்காரங்க வர்ற கடையிலே வைப்பாங்களாம். பாட்டுப் பாடின தட்டுல முறுக்கு வைக்கிறதுக்கா சார் எங்கப்பா கடன் வாங்கி இதையெல்லாம் சேர்த்தாரு?"

பெட்டியில் பெரும்பாலும் சினிமாப் பாட்டு, பலரிடமும் இருப்பவை. அடியில் ஒரு பிளேட், லேபிள் முழுக்கத் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. என் கருவியில் போட்டுப் பார்த்தோம். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். மைக் வருவதற்கு முந்திய காலத்துப் பதிவு என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. விருத்தம் பாடுகிறாள். அவசரமே இல்லை; மூன்று நிமிஷம்தான் என்று யாரோ கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்கிறான் என்ற எண்ணமே இல்லாத நிதானம். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பாட்டு முடிந்தது. உடனே அவள் தன் பெயரைச் சொல்கிறாள். குரல் எழும்புவது கேட்கிறது. ஆனால் பெயர் கேட்கவில்லை. பிளேட்டின் உட்பக்கம், லேபிளை ஒட்டிய வளையங்கள்தான் ஊசிக்கு அதிகமாகத் தேயும் இடம். பெயர் இருந்த இடம் கரகரவென்று அரைத்துவிட்டுப் போனது.

நான் விலை பேச வாய் திறந்தேன். பெரியவர் கையமர்த்திவிட்டார். "பாட்டை எடுத்துக்குங்க சார். பெட்டி நான் இருக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

நான் அலைவதன் அர்த்தத்தை இந்தத் தொழிலாளி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பெட்டி ஒருவருடையது, பாட்டு எல்லாருக்கும் பொது. அந்தப் பெண்ணின் பெயர் தேய்ந்துபோனது இந்த ஒரு பிளேட்டில்தான். அதே பிளேட்டின் இன்னொரு பிரதி தஞ்சாவூரிலோ, யாழ்ப்பாணத்திலோ, பினாங்கிலோ ஒரு பரணில் இருக்கலாம். அதில் பாட்டின் நடுவே கீறல் இருந்து, பெயர் மட்டும் கணீரென்று ஒலிக்கலாம். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பாட்டு. ஒரு முழு மனுஷி. தனித்தனியே பூட்டி வைத்தால் இரண்டு உடைசல்.

* * *

இது புதிய யோசனை அல்ல. எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்த பழைய கதைதான். அருணகிரிநாதர் பாடியவை பதினாறாயிரம் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை ஊருக்கு நாலு ஏடாகச் சிதறிக் கிடந்தன. ஒருவர் ஏட்டில் முதலடி செல்லரித்திருக்கும். இன்னொருவர் ஏட்டில் கடைசி அடி இராது. முன்சீப் உத்தியோகம் பார்த்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் திரிந்து, வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, 1894-இல் திருப்புகழின் முதல் பாகத்தை அச்சிட்டார். பிறகு இரண்டாம் பாகமும் வந்தது. இன்று நாம் பாடும் ஆயிரத்து முந்நூறு சொச்சம் பாட்டுகளும் பெரும்பாலும் அந்த முயற்சியின் பலன். ஏடு வைத்திருந்தவர்கள் 'எங்கள் தாத்தா சொத்து' என்று பெட்டியைத் திறக்காமலே இருந்திருந்தால்? அவர்கள் ஏட்டைக் கறையான் தின்றிருக்கும். நமக்குத் திருப்புகழ் இராது.

பெரிய கோயிலில் கிளி கோபுரத்தைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். அருணகிரியார் கிளி உடம்பில் புகுந்து போயிருந்த சமயம், அவருடைய சொந்த உடம்பை எரித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் கிளியாகவே அமர்ந்து பாடினார் என்பது ஐதிகம். உடம்பு போய்க் குரல் தங்கிற்று. கிராமபோன் கம்பெனிக்கு நாயைவிடக் கிளிதான் பொருத்தமான சின்னம் என்பது என் அபிப்பிராயம்!

* * *

மறுவெளியீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பின்னால் நிலைத்த கணக்கு. ஆரம்ப காலத்துப் பிளேட்டுகள் அதற்குக் கீழும் மேலுமாகப் பதிவானவை. 72 சுற்றில் பதிவானதை 78-இல் சுழற்றினால் சுருதி அரைக் கட்டைக்கு மேல் ஏறும். நடுவயது அம்மாள் பள்ளிக்கூடச் சிறுமியாகிவிடுவாள். இன்னும் சிலர் இரைச்சலைப் போக்குகிறேன் என்று கிளம்பி, தம்புராவையும் கமகத்தின் கூர்மையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். அரிசியைக் களைகிறேன் என்று அரிசியையே கொட்டின கதை. இன்னும் சிலர் பக்கவாத்தியம் யார், எந்த வருஷம், எந்தக் கம்பெனி என்று ஒன்றுமே சொல்லாமல் 'பழைய பாட்டு' என்று போட்டுவிடுகிறார்கள். கடிதம் எழுதிய அன்பரே, கைப்பேசியில் சும்மா கிடைக்கும் பாட்டுக்கும் மூலப் பிளேட்டுக்கும் இதுதான் வித்தியாசம். சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க மூலம் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பரணுக்கு வருவோம். பிளேட் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். சாராயச் சத்து உள்ள எதையும் கொண்டு துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். லேபிளை நனைக்காமல் மெல்லிய ஈரத் துணியால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். எங்கள் மலையடி வெயில் போல வெயில் அடிக்கும் ஊரானால் ஜன்னல் பக்கமே வேண்டாம், வளைந்துபோகும். பிற்கால எல்.பி. தட்டுக்கான ஊசியை இதில் வைக்காதீர்கள். பழைய பிளேட்டின் பள்ளம் அகலம், சின்ன ஊசி அடியிலே உருண்டு இரைச்சலைத்தான் வாரிக்கொண்டு வரும். லேபிளை ஒட்டி, அரக்கிலேயே சில எண்கள் பொறித்திருக்கும். லேபிள் போனாலும் அந்த எண் போகாது. அதை வைத்துக் காலத்தையும் பாடினவரையும் கண்டுபிடிக்க வழி உண்டு. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளேட்டோடு விற்ற காலணாப் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படிப்பட்ட புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

சட்டத்தைப் பற்றிப் பயமா? நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். உங்கள் கொள்ளுத்தாத்தா வாங்கின பிளேட்டைப் பிரதி எடுத்து நாலு பேருக்குக் கொடுத்தால் எந்தப் போலீஸ்காரரும் கதவைத் தட்டமாட்டார்.

பிளேட்டை எனக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டில் அதற்கு அனுமதியும் கிடைக்காது. பாட்டைப் பிரதி எடுத்துப் பொதுவில் வையுங்கள். எண்ணை எழுதி வையுங்கள். முக்கியமாக, மைக் இல்லாத காலத்துப் பெண் குரல் ஒன்று, நிதானமாக விருத்தம் பாடி, முடிவில் தன் பெயரைச் சொல்லக் கேட்டால், அந்தப் பெயரை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். தேரடித் தெருப் பெரியவர் போகிற போதெல்லாம் கேட்கிறார்: "அந்தம்மா யாருன்னு தெரிஞ்சுதா சார்?"